மிஸ்டிக் சீபோர்ட் மியூசியம்: திமிங்கிலக் கப்பலும் அதைச் சாகவிடாத பட்டறையும்

பழைய திமிங்கில வேட்டைக் கப்பலின் மேல்தட்டில் ஏறியதும் எல்லாரும் அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்தார்கள். எங்கள் மாமா குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக முழங்கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓடும் கறுப்புக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு முழ நீளத்துக்குத் தடவினார். "கலப்பத்து நல்லா விழுந்திருக்கு பிள்ள. பெரிய கை வேலை பாத்திருக்கு" என்றார். கனெக்டிகட் மாநிலத்தில் மிஸ்டிக் என்ற ஆற்றங்கரை ஊரில் இருக்கும் இந்த மியூசியத்துக்கு நான் கேட்ட முதல் மதிப்புரை அதுதான். இதைவிட நல்ல சான்றிதழை என்னால் எழுத முடியும் என்று தோன்றவில்லை. இருந்தாலும் அந்த ஒரு நாளைப் பற்றி விவரமாக எழுதவேண்டும் என்று ஆசை.

மாமா என் அம்மாவின் அண்ணன். வயது 71. தூத்துக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குத் தோணிகளுக்குக் கலப்பற்று வேலை பார்த்தவர். பலகை இடுக்குகளில் திரி அடைத்து, தண்ணீர் புகாமல் செய்கிற வேலை அது. மூன்று மாதம் எங்களோடு இருக்க நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்கு வந்திருந்தார். நியூயார்க் கட்டிடங்களைக் காட்டினோம், பாலங்களைக் காட்டினோம். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம்தான் எனக்கு மிஸ்டிக் நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. கார் இல்லாதவர்களுக்கு ஆம்டிராக் ரயில் அங்கே நிற்கும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மிஸ்டிக் என்பது தனி நகராட்சி இல்லை. நடுவில் ஆறு ஓடுகிறது. மேற்குக் கரை கிராட்டனைச் சேர்ந்தது, கிழக்குக் கரை ஸ்டோனிங்டனைச் சேர்ந்தது. ஆற்றின் பெயர் பீக்வாட் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. அலை ஏறி இறங்கும் பெரிய ஆறு என்று பொருள் சொல்கிறார்கள். 1637ஆம் ஆண்டு மே மாதம் இதே ஆற்றின் மேற்குக் கரையில் அந்த மக்களின் கோட்டைக் குடியிருப்புக்கு ஆங்கிலேயர்கள் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே காலையில் செத்தார்கள். அந்தப் படையை நடத்திய ஜான் மேசனின் சிலை நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரிலேயே நின்றது. 1990களில்தான் எடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கப்பலைப் பார்க்கப் போகும்போது இதையும் தெரிந்துகொண்டு போங்கள். பின்னாளில் இந்தப் பகுதியின் பழங்குடி ஆண்கள் பலர் இதே திமிங்கிலக் கப்பல்களில் வேலைக்குப் போனார்கள் என்பதையும்.

மியூசியம் 1929இல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது. இன்றைக்கு ஆற்றோரமாகப் பத்தொன்பது ஏக்கர். ஒரே கட்டிடத்துக்குள் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே போகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜக் கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றன. கரையில் கொல்லன் பட்டறை, பீப்பாய்க் கடை, கயிறு திரிக்கும் கொட்டகை, அச்சகம், வங்கி என்று ஒரு தெருவே இருக்கிறது. பல கட்டிடங்களை வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் கப்பலுக்கு ஓடாதீர்கள். ஆற்றின் மாதிரி வைத்திருக்கும் கட்டிடத்துக்கு முதலில் போங்கள். 1870 வாக்கில் மிஸ்டிக் எப்படி இருந்ததோ அதை அப்படியே சிறிதாக்கி, ஐம்பது அடி நீளத்துக்கு ஒரு மேஜை மேல் பரப்பி வைத்திருக்கிறார்கள். 250க்கு மேல் வீடுகள், கடைகள், தொழுவங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்கட்டு, வேலி, மரம். கரையோரமாக ஐந்து கப்பல் கட்டும் தளங்கள். பாதி கட்டிய கப்பல்கள் விலா எலும்பு தெரிய நிற்கின்றன. மாமா அந்த மேஜையை இரண்டு தடவை சுற்றி வந்தார். "இத்தனூண்டு ஆத்துல இவ்வளவு கப்பலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1784இலிருந்து முதல் உலகப் போர் முடியும் காலம்வரை இந்த ஆற்றங்கரையில் 600க்கு மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. ஆற்றில் இறக்கி, அலை ஏறும் நேரம் பார்த்து, கடலுக்குக் கொண்டுபோவார்கள்.

மியூசியம் நிற்கும் நிலமே ஒரு காலத்தில் கிரீன்மன் சகோதரர்களின் கப்பல் தளம். ஜார்ஜ், கிளார்க், தாமஸ் என்று மூன்று பேர். அவர்கள் ஏழாம் நாள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். சனிக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு நாள். ஊரே ஞாயிறு வேலை நிறுத்தும்போது இவர்கள் தளம் சனிக்கிழமை நிற்கும். அவர்கள் கும்பிட்ட தேவாலயம் இன்றும் மியூசியத்துக்குள் இருக்கிறது. குடியிருந்த வீடுகளும் சாலையோரம் நிற்கின்றன. இந்தத் தளத்தில்தான் 1853இல் டேவிட் கிராக்கெட் என்ற கப்பல் தண்ணீரில் இறங்கியது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்து எல்லாரும் அங்கே ஓடிக்கொண்டிருந்த காலம். பனாமா கால்வாய் கிடையாது. நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகத் தென் அமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றவேண்டும். வேகத்துக்காக வயிறு ஒட்டிப்போன கப்பல்களை மற்ற ஊர்களில் கட்டினார்கள். மிஸ்டிக்காரர்கள் சரக்குக்கும் இடம் விட்டு, வேகமும் குறையாமல் கட்டினார்கள். இதே ஆற்றில் வேறொரு தளத்தில் 1855இல் கட்டிய ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற கப்பல், பிற்பாடு அந்தப் பயணத்தை 89 நாளில் முடித்தது. அதுதான் சாதனையா, ஃபிளையிங் கிளவுட் என்ற கப்பலின் 89 நாள் சாதனையா என்று சில மணி நேரக் கணக்குக்காக இன்னும் வாதாடுகிறார்கள். உள்நாட்டுப் போர் வந்ததும் இதே ஊர் நீராவிக் கப்பல்களுக்கு மாறியது. இரும்புக் கவசம் போட்ட கலீனா என்ற போர்க்கப்பல் 1862இல் இங்கேதான் இறங்கியது.

திமிங்கிலம் எங்கே வருகிறது என்றால், பணத்தில். 1830களிலும் 40களிலும் இந்த ஊரிலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கப்பல்கள் போயின. உச்சத்திலும் இருபதுக்குள்தான். 300க்கு மேல் கப்பல் வைத்திருந்த நியூ பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இது சின்னக் கூட்டம். ஆனால் அதில் வந்த லாபம் திரும்ப இதே கரையில் மரமாகவும் ஆணியாகவும் ஆனது. சார்லஸ் மாலரி என்பவர் 1816இல் கப்பல் பாய் தைக்கும் தொழிலாளியாக இங்கே வந்தார். பாய் தைத்த காசைத் திமிங்கிலக் கப்பல்களில் போட்டார். அதில் வந்ததைக் கப்பல் கட்டும் தொழிலில் போட்டார். அவர் குடும்பம் பெரிய கப்பல் கம்பெனியாகவே வளர்ந்தது.

அவருடைய பாய்க் கொட்டகை மியூசியத்தில் இருக்கிறது. மாடியில். போனால் அடுப்பைப் பாருங்கள். குளிர்காலத்துக்கான இரும்பு அடுப்பு, தரையில் நிற்கவில்லை, கூரையிலிருந்து தொங்குகிறது. பாயைத் தரை முழுக்க விரித்துத் தைக்கவேண்டும், நடுவில் ஒரு கால்கூட இடிக்கக் கூடாது, அதனால் அடுப்பையே தூக்கிக் கட்டிவிட்டார்கள். ஒரு தொழிலாளியின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதை அந்த ஒரு அடுப்பே சொல்லிவிடுகிறது. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

சரி, கப்பலுக்கு வருவோம். சார்லஸ் டபிள்யூ. மார்கன். இது மிஸ்டிக்கில் கட்டியது இல்லை. நியூ பெட்ஃபோர்டில் கட்டி 1841 ஜூலை 21 அன்று இறக்கினார்கள். 80 ஆண்டுகளில் 37 பயணம். 1921இல் வேட்டையை விட்டது. 1941 நவம்பரில் மிஸ்டிக்குக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா போருக்குள் போய்விட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் யாருக்கும் இந்தப் பழைய மரக்கப்பலைப் பற்றி யோசிக்க நேரம் இருந்திருக்காது. ஆயிரக்கணக்கில் இருந்த அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்களில் இன்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். சிலவற்றை உள்நாட்டுப் போரில் கல்லை நிரப்பி எதிரியின் துறைமுக வாயிலில் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். மற்றவை ஐஸில் நசுங்கின, பாறையில் மோதின, விறகாகப் போயின.

நடுத்தட்டில் செங்கல் அடுப்பு ஒன்று கட்டியிருக்கிறது. மரக்கப்பலின் மேல் செங்கல் அடுப்பு! அதில் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள். பிடித்த திமிங்கிலத்தைக் கப்பல் ஓரமாகக் கட்டி, அதன் கொழுப்பைப் போர்வையை உரிப்பதுபோல் நீள நீளமாக உரித்து மேலே தூக்குவார்கள். கீழே ஒரு தாழ்ந்த அறையில் துண்டு போடுவார்கள். அப்புறம் அந்தத் துண்டுகளைப் புத்தகத்தின் பக்கங்கள்போல மெல்லிசாகக் கீறி, கொப்பரையில் போட்டுக் காய்ச்சுவார்கள். விறகுக்கு நடுக்கடலில் எங்கே போவது? எண்ணெய் இறங்கிய பிறகு மிஞ்சும் கருகிய சக்கையையே அடுப்பில் தள்ளுவார்கள். திமிங்கிலத்தின் சக்கையில் திமிங்கிலம் வேகும். அடுப்புக்கு அடியில் ஒரு தொட்டியில் தண்ணீர் நிற்கும், தட்டுப் பலகை தீப்பிடிக்காமல் இருக்க. என் மகளுக்குப் பத்து வயது. அந்தக் கொப்பரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தவள், "அம்மா, இது கப்பல் இல்லை, ஃபேக்டரி" என்றாள். அவள் சொன்னது சரி.

எண்ணெய் எதற்கு என்றும் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணி அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னால் வீட்டு விளக்கு, கலங்கரை விளக்கம், ஆலை இயந்திரங்களுக்கான மசகு, எல்லாம் இதுதான். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகில் செய்த மெழுகுவர்த்தி புகையில்லாமல் எரியும். சில திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதில் சீப்புபோல் தொங்கும் தட்டுகளைக் குடைக்கம்பிக்கும் பெண்களின் இடுப்பை இறுக்கும் உள்ளுடைக்கும் வெட்டினார்கள். 1859இல் பென்சில்வேனியாவில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தபோது இந்தத் தொழிலின் கடைசிக் காலம் தொடங்கியது. மார்கன் மட்டும் தன் வாழ்நாளில் 54,000 பீப்பாய்க்கு மேல் எண்ணெய் கொண்டுவந்திருக்கிறது. அது எத்தனை உயிர் என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

இந்தக் கேள்வியை மியூசியம் மறைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். வேட்டையை வீரக்கதையாக மட்டும் காட்டியிருந்தால் நான் பாதியிலேயே திரும்பியிருப்பேன். 2014இல் மார்கனைச் செப்பனிட்டு மறுபடி கடலுக்குக் கொண்டுபோனார்கள். 38ஆவது பயணம். மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் திமிங்கிலங்களுக்கான பாதுகாப்பு எல்லையான ஸ்டெல்வேகன் பேங்குக்குப் போனார்கள். பக்கத்தில் ஹம்பேக் திமிங்கிலங்கள் வந்தன. வேட்டைப் படகையும் இறக்கினார்கள், இந்த முறை ஈட்டி இல்லாமல்.

கப்பலின் முன்பக்கத்துக்கு, அணியத்துக்குக் கீழே, மாலுமிகள் படுக்கும் அறை. ஏணி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். முக்கோணமான இருட்டறை. சுவரோடு இரண்டடுக்குப் பலகைப் படுக்கைகள். இருபது பேருக்கு மேல் இங்கே மூன்று வருஷம், நாலு வருஷம். கப்பலில் மொத்தம் 35 பேர் வாக்கில் இருப்பார்கள். கேப் வெர்டே தீவுக்காரர், பசிபிக் தீவுக்காரர், கறுப்பின அமெரிக்கர், பண்ணையிலிருந்து ஓடிவந்த வெள்ளைக்காரப் பையன் என்று உலகமே ஒரு அறைக்குள். சம்பளம் கிடையாது, பங்குதான். லாபத்தில் புது ஆளுக்கு 175இல் ஒரு பங்கு, 200இல் ஒரு பங்கு என்று கொடுப்பார்கள். கப்பல் கடையில் வாங்கிய சட்டை, புகையிலை எல்லாவற்றையும் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். நான்கு வருஷம் கழித்து இறங்கும்போது கடன் நிற்பதும் உண்டு. இதைச் சொன்னதும் மாமா உடனே, "நம்ம ஊர்லயும் போட்டுக்குப் பங்குதான். ஆனா அன்னன்னைக்கு மீனு கரைக்கு வந்துரும், அன்னன்னைக்குக் கணக்கு. நாலு வருசம் கழிச்சுக் கணக்குன்னா எவன் கேப்பான்?" என்றார்.

பின்பக்கம் கேப்டனின் அறை. அங்கே ஒரு கட்டில் இரும்பு வளையங்களில் தொங்குகிறது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கட்டில் மட்டமாகவே நிற்கும். ஒரு கேப்டன் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனபோது அவருக்காக வைத்ததாம். முன்பக்க அறையைப் பார்த்துவிட்டு இந்தக் கட்டிலைப் பாருங்கள், கப்பலின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

கொல்லன் பட்டறையில் அதிக நேரம் செலவிடுங்கள். நியூ பெட்ஃபோர்டிலிருந்து பெயர்த்து வந்தது. திமிங்கில வேட்டைக்கான இரும்புச் சாமான்கள் செய்த பட்டறைகளில் இன்று நிற்பது இது மட்டும்தான் என்கிறார்கள். நாங்கள் போனபோது உலை எரிந்துகொண்டிருந்தது. லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர் 1848இல் நியூ பெட்ஃபோர்டில் செய்த ஈட்டிமுனையைப் பற்றி அங்கேதான் கேட்டேன். முனை உள்ளே போனதும் குறுக்கே திரும்பிக்கொள்ளும், உருவி வராது. தொழிலையே மாற்றிய கருவி. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. எல்லாரும் எடுத்துச் செய்தார்கள், அவர் கடனோடு செத்தார்.

கயிறு திரிக்கும் கொட்டகை நீளமானது, 250 அடி. அதுவே ஆயிரம் அடிக்கு மேல் இருந்த பழைய கட்டிடத்தின் ஒரு துண்டுதானாம். அச்சகம், வங்கி, கடிகாரக் கடை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. நேரம் குறைவு என்றால் அவற்றை விட்டுவிடலாம். சாபினோ என்ற 1908ஆம் ஆண்டு நீராவிப் படகை விடாதீர்கள். ஓடும் நாளாகப் பார்த்துப் போகவேண்டும், வெயில் காலம்தான் அதற்குச் சரி. நிலக்கரி போட்டு ஓட்டுவதற்காகக் கட்டிய படகு; அதன் நீராவி இயந்திரத்தைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மியூசியத்தை விட்டு ஊருக்குள் நடந்தோம். போகும் வழியில் 1922இல் கட்டிய தூக்குப் பாலம். கோடைக் காலத்தில் பகல் நேரங்களில் மணிக்கு ஒருதடவை, 40 நிமிஷம் ஆகும்போது தூக்குகிறார்கள். தலைக்கு மேல் நிற்கும் 230 டன் கான்கிரீட் எடைகள் இரண்டும் கீழே இறங்க, சாலை மேலே போகிறது. அந்த நேரம் பார்த்து அங்கே நில்லுங்கள். பாலத்துக்கு அருகில் நாங்கள் போன ஒரு உணவகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. சைவம் சாப்பிடும் என் கணவருக்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர எதுவும் இல்லை, முக்கால் மணி நேரக் காத்திருப்பு வேறு. சைவக்காரர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. மாமா மட்டி சூப் குடித்தார். இந்தப் பக்கத்தில் பால் ஊற்றாமல் தெளிவாகவும் செய்வார்கள். "உப்பு சரியா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மியூசியத்தின் தெற்கு மூலையில் கப்பல் செப்பனிடும் பட்டறை இருக்கிறது. நிறையப் பேர் களைத்துப்போய் அங்கே வராமலே திரும்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நேரம் குறைவென்றால் மற்றதை வெட்டிவிட்டு இங்கே வாருங்கள்.

உள்ளே மாடியிலிருந்து வேலையைப் பார்க்கலாம். வெளியே முற்றத்தில் மரம் அடுக்கிக் கிடக்கிறது. லைவ் ஓக் என்ற மரம். தெற்கே கடலோரத்தில் வளர்வது. இரும்புபோல் கனம், கிளை எல்லாம் வளைந்து வளைந்து போகும். மார்கனைச் செப்பனிட்டபோது, கத்ரீனா புயலில் விழுந்த லைவ் ஓக் மரங்களை இங்கே கொண்டுவந்தார்கள். பாஸ்டனில் பழைய கடற்படைத் தளத்தில் மருத்துவமனை கட்டத் தோண்டியபோது, புதைத்து வைத்திருந்த பழைய கப்பல் மரங்கள் கிடைத்தன. அவையும் இங்கே வந்தன. மாமா அந்தக் குவியலைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வளைந்த ஒரு கிளையைக் காட்டி, "வங்கு" என்றார். கப்பலின் விலா எலும்புக்குத் தோணி வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். "நேரா இருக்கிற மரத்த வளைவா அறுத்தா நரம்பு வெட்டுப்பட்டுரும். பலம் இருக்காது. வளஞ்சே வளந்த மரமாப் பாத்து எடுக்கணும். நம்ம ஆசாரிமாரும் கருவேலத்துல, வாகையில அப்படித்தான் தேடுவாக." அதே விஷயம் இங்கே ஒரு பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் படித்துச் சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார்.

மார்கனின் ஏராவும் (கப்பலின் முதுகெலும்பான அடிமரம்) அடியில் உள்ள சில மரங்களும் 1841இல் வைத்தவை. மேலே உள்ள பெரும்பகுதி மாற்றியது. அப்படியானால் இது அதே கப்பலா என்று என் கணவர் கேட்டார். மாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பலகை மாத்தாத தோணி எங்க இருக்கு? ஏரா இருக்குல்ல, அப்ப அதுதான்" என்றார். எனக்கும் அதுவே போதும் என்று பட்டது.

பட்டறையில் ஒரு இளம்பெண், இருபத்தைந்து வயது இருக்கும், பழகுவதற்காக இரண்டு பலகைகளைச் சட்டத்தில் பூட்டி, நடுவில் உள்ள இடுக்கில் கலப்பற்று அடித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் அகலமான உளி, வலது கையில் நீளமான தலை உள்ள மரச் சுத்தியல். எங்கள் பக்கத்தில் கொட்டாப்புளி என்பார்கள். அந்தச் சுத்தியலின் தலையில் நீளவாக்கில் துளை வெட்டியிருக்கிறது. அதனால் அடிக்கும்போது மணி மாதிரி ஒலிக்கிறது. மாமா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பார்க்கவில்லை, கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு.

நான் அந்தப் பெண்ணிடம் அவர் யார் என்று சொன்னேன். அவள் உடனே எழுந்து, கயிற்றை விலக்கி உள்ளே வரச் சொன்னாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதலில் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன், பிறகு அது தேவைப்படவில்லை. அவள் முதலில் பருத்தித் திரியையும் அதன் மேல் தார் தோய்த்த சணல் நாரையும் அடைக்கிறாள். மாமா தன் விரலால் திரி முறுக்குவதுபோல் காட்டினார். நாங்களும் பருத்தித் திரிதான், மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவோம் என்றார். அவள் உளியையும் சுத்தியலையும் நீட்டினாள். மாமா கீழே உட்கார்ந்து, உளியை அவளைவிடத் தாழ்வாகப் பிடித்து, திரியை மடித்து மடித்து உள்ளே தள்ளி, அப்புறம் அடித்தார். முதலில் பொத்தென்று சத்தம். நாலைந்து அடிக்குப் பிறகு சத்தம் இறுகி மேலே ஏறியது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு சொல்லு பிள்ள. தண்ணிக்குள்ள போனதும் பலகை ஊதும். இப்பவே இறுக்கி வச்சா அது ஊத இடம் இல்லாம பலகையவே தள்ளிரும்." நான் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டி, தனக்குச் சொல்லிக்கொடுப்பவரும் தினமும் இதையேதான் சொல்கிறார் என்றாள். ஏறக்குறைய அரை மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறி அடித்தார்கள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து திரி எடுத்துக் கொடுத்தாள்.

தூத்துக்குடியில் மாமாவுக்குப் பின்னால் அந்த வேலைக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். இங்கே ஒரு இளம்பெண் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கற்கிறாள். பழைய கப்பலை வைத்திருப்பதற்கு முதலில் வேண்டியது அதை அடைக்கத் தெரிந்த கை என்று இந்த இடத்துக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு முதல் யாத்திரிகர்கள் வந்த கப்பலின் நகலான மேஃபிளவர் 2ஐயும் இங்கேதான் பல வருஷம் வைத்துச் செப்பனிட்டு 2020இல் அனுப்பினார்கள். நாங்கள் போனபோது எல்.ஏ. டன்டன் என்ற 1921ஆம் ஆண்டு மீன்பிடிக் கப்பலைக் கரையேற்றிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எலும்புக்கூடாக நின்றது. மாமா அதை ஒரு பக்கம் முழுக்க நடந்து பார்த்து, எந்தெந்த வங்கு புதுசு, எது பழசு என்று மகளுக்குக் காட்டிக்கொண்டே போனார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு நாள் போதாது. முடிந்தால் அங்கேயே ஒரு இரவு தங்குங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் ஆற்று மாதிரி, பிறகு மார்கன், வெயில் ஏறியதும் கொல்லன் பட்டறையும் பாய்க் கொட்டகையும், மத்தியானத்துக்கு மேல் செப்பனிடும் பட்டறை. வேலை நாளில் போனால் பட்டறையில் ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள். பாய் ஏற்றிக் காட்டும் நேரத்தை வாசலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுக்கப் பார்வையாளர்களையும் கூப்பிடுவார்கள், பாட்டோடு இழுக்கவேண்டும். ரப்பர் அடி வைத்த செருப்பு நல்லது.

மாமா ஊருக்குத் திரும்பி நாலு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது எங்கள் சுகத்தை விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "டன்டனுக்குப் பலகை அடிச்சாச்சா பிள்ள?" தெரியவில்லை மாமா என்றுதான் சொல்லிவந்தேன். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி மாமா தன் பழைய கலப்பற்று உளி ஒன்றை ஊருக்குப் போகும் முன்பே என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்.